வரப்பில் நிற்கிற கால்

"கால காட்டுடா" என்றுதான் ஆரம்பிப்பாள் காளியம்மாள். மகன் சேரன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மற்ற தாய்மார்கள் கேட்பதையெல்லாம் அவள் கேட்பதில்லை. முகத்தை நம்பக்கூடாது என்பது அவள் கட்சி. "மூஞ்சிய சிரிச்ச மாரி வச்சிக்க ஒனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? போன கீழ எறக்கு." ஒரு வாரம் அவன் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில் போனை இறக்கினான். வலது பாதத்தில் பெரிய கட்டு. வேலையிடத்தில் கம்பி விழுந்ததை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். அவனோடு தங்கியிருக்கிற பையன்கள் அரண்டுபோய், "ஒங்கம்மாவுக்கு எப்புட்றா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார்களாம்.

பஸ்ஸில் ஏறினாலும் ரேஷன் கடையில் நின்றாலும் முதலில் அவள் கண் கீழேதான் போகும். காலைப் பார்த்து முடித்த பிறகுதான் நிதானமாக முகத்துக்கு ஏறிவரும். மகள் சுடர்விழியைப் பெண் பார்க்க வந்த ஒருவனைக் காபி ஆறுவதற்குள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். கேட்டதற்கு, "மாப்பிள்ளைக்குக் குதிகால் தரையில படவே இல்லீங்க. எந்திரிச்சி ஓடத்தான் ஒக்காந்திருக்காரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையன் வேறொரு ஊரில் கல்யாணம் செய்து, வளைகாப்புக்கு முன்பே பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடிப்போனான் என்று செய்தி வந்ததும், சிரித்தவர்கள் அவள் எதிரே வரும்போது காலை எப்படி வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள்.

இது ஜோசியமும் இல்லை, அருளும் இல்லை. நடவு செய்தே வந்த வித்தை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. தாவணி போடும் முன்பே சேற்றில் இறங்கியவள். நடவாளுக்கு நிமிர்ந்த உலகம் கிடையாது. குனிந்தபடி நட்டு நட்டுப் பின்னால் நகர வேண்டும். கண்ணுக்குத் தெரிவது சேறு, தன் கை, பக்கத்தில் நடுகிறவள் கை, அப்புறம் வரப்பில் வந்து நிற்கிறவர்கள் முழங்கால் வரைக்கும். யார் வந்தது என்று நிமிர்ந்தால் வரிசை பிந்தும், ஏச்சு விழும். ஆகவே உரக்கடைக்காரரைக் குதிகால் வெடிப்பிலும், தலையாரியைச் செருப்பு வாரிலும், மடை திறக்க வருகிறவரைச் சேற்றுப்புண்ணிலும் அடையாளம் வைத்துக்கொண்டாள்.

அப்படி அவள் மனப்பாடமாக வைத்திருந்த கால்கள் சிங்காரவேலு அய்யாவுடையவை. அந்த ஊர் மிராசு. இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். வலது பெருவிரல் மட்டும் சும்மா இருக்காது, வரப்பு மண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கும். குடைநுனி மண்ணில் குத்தி நிற்கும். கிட்டே வந்தால் ஒரு தைல வாசனை அடிக்கும். "அதாண்டி பணக்கார வாசன" என்று நடவுப் பெண்கள் கிசுகிசுப்பார்கள். ஒருநாளும் அந்தக் கால் சேற்றில் இறங்கியதில்லை. மேலேயிருந்து குரல் மட்டும் இறங்கும்: "க்ஹும். கை ஓடட்டும், கை ஓடட்டும். வாய் அப்பறம் ஓடலாம்."

சேரன் வயிற்றில் நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள் இடுப்பு வெட்டி இழுக்க, காளியம்மாள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்றுவிட்டாள். "யாரது நட்டமா நிக்கிறது? நான் நெல்லு நடச் சொன்னனா, பனமரம் நடச் சொன்னனா?" என்றார். வரிசையே சிரித்தது. பயத்தில் சிரித்தவர்கள் பாதி, நிஜமாகச் சிரித்தவர்கள் பாதி. அவள் மறுபடி குனிந்தாள். அன்றைக்குக் கண்ணில் வந்தது சேற்றோடு போயிற்று. நெஞ்சில் தைத்தது இன்றைக்கும் எடுபடவில்லை.

ஆனால் அவள் அழுது மாய்கிற ரகம் இல்லை. அடுத்த நாள் கஞ்சி வேளையில், வாய்க்கால் மேட்டில், ஒரு பூவரசங்குச்சியை ஒடித்தாள். ஒரு கையைப் பின்னால் வைத்து, பாதத்தை விரித்து, பெருவிரலைத் தட்டி, "க்ஹும்" என்றாள். அவ்வளவுதான். நடவுப் பெண்கள் கஞ்சித் தூக்கைக் கவிழ்த்துவிட்டு உருண்டார்கள். அவளுடைய கூட்டாளி விஜயலட்சுமிக்குப் புரையேறி, முதுகில் நாலு தட்டு தட்ட வேண்டியதாயிற்று. அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. எந்த ஊர் நடவுக்குப் போனாலும், "காளி, அய்யாவ ஒருக்கா எறக்கேன்" என்பார்கள். அவள் இறக்குவாள். குனிந்த இடுப்புக்கெல்லாம் அதுதான் ஒத்தடம்.

அய்யாவுக்கும் இவர்களை ஒரு விதத்தில்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தது முதுகு. காளியம்மாளின் பிடரிக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அதனால் "ஏ மச்சம், வரிசய நேராக்கு" என்பார். பல வருஷம் கழித்து ஒருநாள் திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட்டாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரும்மா நீ? எந்த ஊரு?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய எத்தனை போகம் நெல் அவள் கையால் ஊன்றியது! "நான் திரும்பி நின்னு முதுக காட்டியிருந்தா கண்டுபுடிச்சிருப்பாரு விஜயா" என்று ஊருக்கு வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்னபோது கை, பிடரி மச்சத்தை மூடிக்கொண்டிருந்தது.

அய்யா காலமானார். பிள்ளைகள் அங்கங்கே வெளிநாட்டில். நிலம் விலைக்கு வந்தது. சேரன் அனுப்பியதை வைத்துப் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் நிலம், காளியம்மாள் பேருக்கு ஆயிற்று. அவள் குனிந்து நட்ட அதே வயல். பத்திரம் முடிந்து வந்த அன்று பழைய நடவுக்கூட்டத்துக்குக் கோழி அடித்துச் சோறு போட்டாள். எல்லார் நடுவிலும் எழுந்து நின்று, "வரப்புல நின்னு அதட்டுற ஆளா மட்டும் நான் ஆவ மாட்டேன். அப்புடி ஆயிட்டா என் கால ஒடிச்சிப் போடுங்க" என்றாள். அந்தச் சொல்லைத்தான் அவள் அந்த நிலத்தைவிடப் பெரிய சொத்தாக வைத்திருந்தாள். பூமி பூஜையில், காதுகுத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடத்தில், எங்கே பேச்சு வந்தாலும், "நான் அய்யா மாரி இல்லீங்க" என்று ஒருமுறை சொல்லாமல் முடிக்க மாட்டாள்.

பொய்யும் இல்லை. நடவாட்களுக்குத் தானே சமைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். மீன் குழம்பு, முருங்கைக்கீரை, நடவு முடிகிற நாளில் பாயசம். சொன்ன கூலி சொன்ன அன்றே. எவனுக்காவது காய்ச்சல் என்றால் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். சேற்றில் இறங்கத்தான் முடியவில்லை. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, இறங்கினால் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைத்தடி வாங்கச் சொன்னார். கைத்தடி பிடித்தால் கிழவி என்பார்கள் என்று ஒரு குடை வாங்கினாள். ஊன்றவும் ஆயிற்று, வெயிலுக்கும் ஆயிற்று. நின்றால் இடுப்பு இழுக்கிறது, ஒரு கையைப் பின்னால் வைத்தால் கொஞ்சம் சுகம். முட்டி வலிக்குப் பாதத்தை அகட்டி வைத்தால் தேவலை. விரல் மரத்துப் போகிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால் ரத்தம் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நியாயமான காரணம்.

இப்போது நடவுக்கு உள்ளூரில் ஆள் இல்லை. அவள் வயசுப் பெண்களுக்கு இடுப்பு போயிற்று, அவர்கள் பெண்கள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். டெல்டா முழுக்க வங்காளத்து ஆட்கள்தான் நடுகிறார்கள். காத்தான் என்று உள்ளூர்க்காரர் ஒருவர், கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்தவர், ஒவ்வொரு சம்பா நடவுக்கும் ஒரு கூட்டத்தை அழைத்து வருவார். எல்லாரும் ஆண்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு, மடமடவென்று நட்டுப் போவார்கள். காளியம்மாளுக்கு அவர்கள் மேல் கொள்ளைப் பிரியம். பாஷை தெரியாதே, எப்படிச் சிரிக்க வைப்பது? அவளிடம் இருந்த ஒரே சரக்கை எடுத்தாள். வரப்பில் நின்று, குடையை ஊன்றி, "க்ஹும். கை ஓடட்டும், கை ஓடட்டும்!" என்றாள், அய்யா குரலில். அவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேகமாக நட்டார்கள். "சிரிப்புகூட வராதா இவனுவளுக்கு?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். நாளைக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் பேர்கள் வாயில் நுழையவில்லை. நன்றாக நடுகிற ஒருவன் தினமும் சிவப்பு பனியன் போட்டுக்கொண்டு வந்தான். "ஏ செவப்பு பனியன், அந்த மூலைய பாரு!" என்று கூப்பிடுவாள். இன்னொருவன் கட்டம் போட்ட சட்டை, மற்றொருவன் கிழிஞ்ச முதுகு. சுலபமாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஆட்களுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, வாய்க்கால் மடையைப் பார்க்க விஜயலட்சுமியோடு போனாள். திரும்பி வரும்போது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். சுவர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள்.

சிவப்பு பனியன்காரன் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பூவரசங்குச்சி. ஒரு கையைப் பின்னால் வைத்தான். பாதத்தை விரித்தான். குச்சியைத் தரையில் குத்தினான். வலது பெருவிரல் தட்டத் தொடங்கியது. "க்ஹும்" என்றான். "கை ஓடு, கை ஓடு!"

காளியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஜயலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அடியே, பாருடி! அப்புடியே சிங்காரவேலு அய்யாடி! அந்த வெரலு, அந்த வெரல பாரு! நாங்கூட இத்தன சுத்தமா செஞ்சதில்லடி!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

விஜயலட்சுமி சிரிக்கவில்லை.

"ஏண்டி, நீ சிரிக்கல? இவன் எங்கடி அய்யாவ பாத்தான்?"

விஜயலட்சுமி வயலைப் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். "அவன் எங்க அய்யாவ பாத்தான்?" என்று மெல்லச் சொன்னாள்.

அதே நேரத்தில் அங்கே அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு, நுனியைக் காதுக்குப் பின்னால் செருகினான். நடவு வயலில் காளியம்மாள் துண்டு போடுகிற தினுசு. குச்சியை நீட்டி, கீச்சுக்குரலில் கூவினான்: "ஏ செவப்பு பனியன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிங்காரவேலு அய்யா ஆயுசில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

காளியம்மாளின் வாய் சிரித்த நிலையிலேயே திறந்து நின்றது. சுவரைப் பிடித்தாள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான். சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. நடுவில் நின்றவன் திரும்பினான். குச்சி கையிலிருந்து நழுவிற்று. துண்டை எடுக்கக்கூடத் தோன்றாமல், தலையில் அவளுடைய முக்காட்டோடு அவன் நின்றான். இருவரில் யார் அதிகம் பயந்தது என்று சொல்ல முடியாது.

"சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றாள் அவள். குடையை ஊன்றித் திரும்பி நடந்தாள். நாலு எட்டு போனதும் அந்தக் குடை சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. டக், டக். சட்டென்று அதைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். முட்டி மடங்கி, விழப் பார்த்தாள். விஜயலட்சுமி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"நான் வெளையாட்டுக்குடி செஞ்சேன். அய்யா மாரி செஞ்சி காட்டுனேன்டி" என்றாள் காளியம்மாள்.

"எனக்குத் தெரியும்டி. நான் அய்யாவ பாத்தவ. இவனுவ ஒன்னத்தான பாத்திருக்கானுவ."

அன்று சாயங்காலம், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிற சுடர்விழி வேலை முடிந்து வந்தாள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வரும் வழியில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய ஒரு தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். "மூட்டு தேஞ்சவங்களுக்கு நல்லா கேக்குதாம்மா. மாத்திரையவே எத்தன நாளக்கி முழுங்குவ?" காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

வாசனை மேலே எழுந்தது. காளியம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது என்னாது?"

"தைலம்மா. முட்டிவலிக்கு."

"முட்டிவலிக்கா? வேற எதுக்கும் இல்லியா?"

"வேற எதுக்கு? ஏம்மா, எரியுதா?"

அவள் மகளின் விரலை மூக்குக்கு நேரே பிடித்து மோந்து பார்த்தாள். வரப்பிலிருந்து இறங்கிவந்த அதே வாசனைதான். அந்த மனுஷனுக்கு முட்டி வலியா? வலித்ததாலா பாதத்தை அகட்டி வைத்தார்? இறங்கினால் ஏற முடியாதென்றா சேற்றுக்குள் கால் வைக்கவில்லை? அவர் ஒரு ராட்சசன் என்பதில் இத்தனை காலம் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதையும் யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அதுக்காவ? வவுத்துப்புள்ளக்காரிய பனமரம்ங்கலாமா?" என்று திடீரென்று சத்தம் போட்டாள். சுடர்விழி பயந்துபோய்க் கையை எடுத்தாள். "யாரும்மா? யாரு சொன்னா?"

காளியம்மாள் மகளையே வெறித்துப் பார்த்தாள். "அந்தப் புள்ள பேரு என்னான்னுகூட எனக்குத் தெரியாது பாப்பா" என்றாள். சுடர்விழிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை குடை இல்லாமல் வயலுக்குப் போனாள். தலையில் துண்டும் இல்லை. பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் நடவு பாதி வயலுக்கு வந்திருந்தது. வரப்பில் ஏறி நின்று பார்த்தாள். சிவப்பு பனியனைக் காணோம்.

பயந்து ஊருக்கே கிளம்பிவிட்டானா? குனிந்த முதுகுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். எல்லாம் முதுகு. எதுவும் அவன் மாதிரி இருந்தது, எதுவும் அவன் மாதிரி இல்லை. தன் கையால் மீன் போட்டு, இன்னும் கொஞ்சம் என்று சோறு தள்ளிய பிள்ளைகள்! அவர்களில் ஒருவனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். துண்டுக்கு உள்ளே நேற்று பார்த்த பயந்த கண் இரண்டு மட்டும் வந்தது.

"காத்தான், அந்தப் புள்ள போயிட்டானா?"

நாற்று முடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த காத்தான் நின்றார். "எந்தப் புள்ளக்கா?"

சொல்ல வேறு வழி தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டு, "செவப்பு பனியன்" என்றாள்.

"அவனா? பனியன மாத்திட்டான்க்கா. அந்தா, நாலாவதா நடுறான் பாருங்க, ஊதா சட்ட. கூப்புடவா?"

"வேணாம். பேரு என்னா?"

"நிதாய்."

உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நித்தாயி." சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமப் போனவள், பாதியிலேயே செருமலை விழுங்கிக்கொண்டாள். புரையேறிக் கண் கலங்கியது. பின்னால் போன கைகளைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தாள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொள்ள வைத்தாள்.

"நிதாயி!"

பாட்டு நின்றது. ஊதாச் சட்டைக்குள் தோள்பட்டை இறுகியது. அவன் கையிலிருந்த நாற்றை ஊன்றி முடித்துவிட்டுத்தான் மெல்லத் திரும்பினான். இடுப்பு இன்னும் நிமிரவில்லை. முகம் மட்டும் திரும்பியது. அவள் ஆவலோடு அந்த முகத்தைப் பார்த்தாள். சின்ன வயசு, மேலுதட்டில் சேறு.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கண் நேரே வரப்புக்கு வந்து, அவள் காலில் நின்றது.

காளியம்மாளும் குனிந்து பார்த்தாள். வலது பெருவிரல் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்து, பலம் கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டு நின்றாள்.